தண்ணீர் இருந்தும் வாடும் லெட்டூஸ்

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியில், ஏப்ரலில், முதன்முறையாக ஹைட்ரோபோனிக்ஸில் (மண்ணில்லாமல் உரம் கரைத்த நீரில்) சாலட் கீரையான லெட்டூஸ் போட்டேன். ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பா, மோட்டார் இல்லை, 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில்). பாதி விதை முளைக்கவே இல்லை. டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றியும் மூன்றாம் வாரத்தில் செடிகள் வாடிவிட்டன. வேர் பழுப்பாகி வழவழக்கிறது. எங்கே தவறு?

பதில்: தண்ணீரில் நின்றபடி செடி வாடினால், வேருக்குக் காற்று போதவில்லை. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 28 டிகிரிக்கு மேல் போனால் பித்தியம் என்ற வேரழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். சித்திரை வெயிலில் டப்பா எவ்வளவு கொதித்திருக்கும் என்று மதியம் கைவிட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். லெட்டூஸ் குளிர்காலப் பயிர். சென்னையில் நவம்பர் கடைசியில் விதைத்து, பிப்ரவரிக்குள் பறித்து முடியுங்கள். தலை கட்டும் ஐஸ்பெர்க் வேண்டாம். ரோமைன், லோலோ ரோசோ போன்றவை எளிது.

விதை முளைக்காததற்கும் சூடுதான் காரணம். 30 டிகிரியை ஒட்டினால் லெட்டூஸ் விதை உறங்கிவிடும். ஈர டிஷ்யூவில் சுற்றி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கழுவிய கோகோபீட்டின் (தென்னை நார்த்தூள்) மேல் தூவுங்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் ஆழமாக மூட வேண்டாம். முளை தெரிந்ததும் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றாவிட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும். மூன்று நான்கு இலை வந்ததும், சுமார் இரண்டு வாரத்தில், வாளிக்கு மாற்றலாம்.

ஒளி புகாத 20 லிட்டர் வாளிக்கு நான்கு செடி போதும். வெளிப்புறம் வெள்ளை பூசினால் சூடு குறையும். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். மூடியில் 2 அங்குல நெட் பாட் (வலைபோல் துளையுள்ள சிறு தொட்டி) நான்கு, அவற்றில் சுட்ட களிமண் உருண்டைகள். தொடக்கத்தில் பாட்டின் அடிப்பகுதி ஒரு சென்டிமீட்டர் நனையும்படி நீர் நிற்கட்டும். பிறகு மட்டம் தானாக இறங்கும், இறங்கவும் வேண்டும்: நீருக்கு மேலே தொங்கும் வேர்கள்தான் காற்றை இழுக்கின்றன. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நீர் குறைந்ததே என்று மறுபடி விளிம்புவரை ஊற்றினால் அந்த வேர்கள் மூழ்கிச் செத்துவிடும். ஊற்றியே ஆகவேண்டுமென்றால் வாளியின் கீழ் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள்.

19:19:19 இதற்கு ஆகாது. அதில் கால்சியம் கிடையாது. தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தரும், வாளியில் அந்த வேலை சரியாக நடக்காது. ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே ஏ, பி என இரு பாட்டிலாக வரும் கரைசலை வாங்குங்கள். வாளி நிறைந்த நீரில் முதலில் ஏ, நன்றாகக் கலக்கிய பின் பி. இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் கால்சியம் வெள்ளைப் படிவமாக அடியில் தங்கிவிடும். நாற்றுக்கு இசி (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm அளவில்) 0.8, வளர்ந்ததும் 1.2, பிஎச் (அமில, கார அளவு) 5.5 முதல் 6.5. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 500 பிபிஎம் என்றால் உரம் போடும் முன்பே இசி சுமார் 1.0 ஆகிவிடும், ஆகவே ஆர்ஓ நீர் கலந்துகொள்ளுங்கள். பிஎச் இறக்க எலுமிச்சைச் சாறு நிற்காது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த பிஎச் டவுன் சில துளி போதும், கையுறை அவசியம்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும், மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை. உள் இலைகளின் நுனி கருகினால் உரத்தைக் கூட்டாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் இலை நீரை வெளிவிடாதபோது கால்சியம் நுனிவரை போய்ச் சேராது. இடைவெளி விட்டு வையுங்கள். மாற்றிய 30–35 நாளில் பறிக்கலாம்.

மூடி இடுக்குகளை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படித் தேங்கிய நீரைத்தான்.

இப்போதுள்ள செடிகளை எறிந்துவிட்டு, டப்பாவை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவிக் காயவையுங்கள். நவம்பர் வரும்வரை கை சும்மா இருக்காது என்றால் வள்ளைக்கீரைத் தண்டை நட்டுப் பழகுங்கள், சூட்டைத் தாங்கும்.