வாசகர் கேள்வி – பதில்: தலைவன் கோல் அடித்தால் போதுமா?

கேள்வி: 16 வயதுக்குட்பட்ட எங்கள் உதைபந்தாட்ட அணியில் நன்றாக விளையாடும் பெடியனையே தலைவனாக்கினோம். கோல் விழுந்தால் கோல்காப்பாளரை எல்லார் முன்னாலும் ஏசுகிறான். பதவியைப் பறிக்கலாமா?
– பொறுப்பாசிரியர், உப்புவெளி

பதில்: போட்டிகள் நடக்கும் காலத்தில் பறிக்காதீர்கள். ஏசியதற்கல்ல, தோற்றதற்குத்தான் தண்டனை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். தலைவனின் வேலை என்னவென்று அவனுக்கு யாராவது சொன்னீர்களா? பல அணிகளில் கையில் பட்டி கட்டிவிடுவதோடு அது முடிந்துவிடுகிறது.

தனியாகக் கூப்பிட்டு மூன்று வேலை கொடுங்கள். கோல் விழுந்தால் வலைக்குள் கிடக்கும் பந்தை எடுத்து நடுவுக்குக் கொண்டுவருவது அவன்தான். வரும் வழியில் கோல்காப்பாளரின் தோளில் ஒரு தட்டு, பேச்சு வேண்டாம். கைக்கு வேலை இருந்தால் வாய் அடங்கும். அடுத்தது, மத்தியஸ்தரிடம் பேசுவது அவன் மட்டுமே. 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளிலும் இந்த முறைதான்: மற்றவர்கள் மத்தியஸ்தரைச் சூழ்ந்து முறையிட்டால் மஞ்சள் அட்டை. மூன்றாவது, இடைவேளையின் முதல் இரண்டு நிமிடம் நீங்கள் வாய் திறக்காதீர்கள். பின்வரிசைக்காரர்களுக்கு என்ன சிக்கல் என்று அவன் கேட்டுவந்து உங்களுக்குச் சொல்லட்டும். ஏசுகிறவனுக்கு இதுதான் கஷ்டமான வேலை.

அடுத்த வருடத் தெரிவுக்குக் கை தூக்கும் வாக்கெடுப்பு வேண்டாம். ஒரே வகுப்புப் பெடியன்கள் சேர்ந்து தங்கள் கூட்டாளிக்கே தூக்குவார்கள். ஆளுக்கொரு கடதாசித் துண்டு கொடுத்துக் கேளுங்கள்: "இரண்டு கோல் பின்னால் நிற்கும்போது யார் சொன்னால் கேட்பாய்?" இரண்டு பெயர் எழுதவேண்டும், தன் பெயர் கூடாது. அதிகம் கோல் அடிப்பவனின் பெயர் அதில் வராமலே போகலாம். வியப்படையாதீர்கள்.

கேள்வி: பிந்தி வருகிறவர்களை மைதானத்தைச் சுற்றி ஐந்து தரம் ஓடவிடுகிறேன். ஆனாலும் பிந்துகிறார்கள்.
– பயிற்றுவிப்பாளர், கிண்ணியா

பதில்: ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டத்தையே வெறுப்பார்கள். கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடி வெயிலில், உடம்பைத் தயார்படுத்தாமல் ஓடுகிறவனுக்குத் தசை பிடிக்கும், தலையும் சுற்றும். முதலில் காரணத்தைக் கேளுங்கள். மூன்றரைக்கு டியூசன் முடிகிறவனுக்கு மூன்றரைக்குப் பயிற்சி வைத்தால் பிழை நேரசூசியில்தான்; நாலு மணிக்கு மாற்றுங்கள்.

பிறகு, மூன்று பேர் வந்திருந்தாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிடம் அவர்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்: வட்டமாக நின்று பந்தை மாற்ற, நடுவில் நிற்பவன் பறிக்கும் ஆட்டம். மூவர் என்றால் இருவர் மாற்ற ஒருவன் பறிப்பான். பிந்தியவன் அது முடியும்வரை கோட்டுக்கு வெளியே தனியாக உடம்பைச் சூடாக்கட்டும். ஏச்சு வேண்டாம்.

கேள்வி: ஒழுக்கம் பற்றிப் பேசத் தொடங்கினாலே பிள்ளைகள் முகத்தைத் திருப்புகிறார்கள்.
– வலைப்பந்துப் பயிற்றுவிப்பாளர், நிலாவெளி

பதில்: பேச்சைக் குறையுங்கள். 1964க்கும் 1975க்கும் இடையில் பத்துத் தேசியப் பட்டங்களை வென்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர் ஜோன் வூடன், முதல் பயிற்சியில் காலுறையை மடிப்பில்லாமல் போடவும் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டவும் சொல்லிக்கொடுத்தார். மடிப்பிருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு.

உங்களிடம் பந்துப் பை இருக்கிறது. பந்துகளை எண்ணிப் போடவும் கூம்புகளைப் பொறுக்கவும் வாரத்துக்கு இருவர் எனப் பட்டியல் எழுதுங்கள், முதல் வாரம் தலைவியும் உப தலைவியும். வழக்கமாக இந்த வேலை சின்னவர்கள் தலையில்தான் விழும். பந்து குறைந்தால் தேடப்போவதும் அந்த வாரத்து இருவரே.