அவன் போன பிறகும் படம் ஓடுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

பெண்ணை மையமாக வைத்த பதின்பருவக் காதல் படங்களைப் பற்றி மட்டும் இந்த முறை. கடிதங்கள் நிறைய வந்துவிட்டன, தனித்தனியாகப் பதில் போட்டால் இந்த ஜென்மத்தில் முடியாது என்பதால் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன்.

'கமிங் ஆஃப் ஏஜ்' படம் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? – ஒரு தமிழாசிரியை

சின்ன வயதிலிருந்து வளர்ந்து ஆளாகிற கதையைச் சொல்கிற படம் அது. அப்படியே தமிழில் போட்டால் 'வயதுக்கு வந்த படம்' என்று ஆகிவிடும், நமக்கு அது வேறு அர்த்தம். நான் 'பதின்பருவப் படம்' என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதிலும் முழுத் திருப்தி இல்லை, ஏனென்றால் இந்த வகைப் படங்களின் நாயகிகள் சிலருக்கு முப்பதை நெருங்கிய வயதுகூட இருக்கும். பருவத்துக்குப் பெயர் வைப்பதில் நம்மிடம் பஞ்சமே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று உலா நூல்களில் ஏழு அடுக்கு இருக்கிறது. 14 முதல் 19 வரை மடந்தை, அவ்வளவு கறாரான கணக்கு. ஆனால் அந்த ஏழு பேருக்கும் உலாவில் கொடுத்திருக்கும் வேலை ஒன்றுதான்: தலைவன் வீதியில் பவனி வருவான், இவர்கள் பார்த்து உருக வேண்டும் (பேதைக்கு மட்டும் பாவம், சின்னப்பெண் என்று கொஞ்சம் சலுகை). அவன் தெருமுனை திரும்பிய பிறகு அவள் வேறு என்ன செய்தாள், வேறு எதற்கு ஆசைப்பட்டாள் என்பது உலாவுக்கு வேண்டாத சங்கதி. என் கணக்கில் நல்ல பதின்பருவப் படம் அந்தத் தெருமுனையில்தான் ஆரம்பிக்கிறது.

பையன்கள் மூன்று பேரைக் காதலித்தால் 'ஆட்டோகிராஃப்', 'பிரேமம்' என்று கொண்டாடுகிறோம். ஒரு பெண் அப்படித் திரும்பிப் பார்க்கிற படமே கிடையாதா? – கல்லூரி மாணவி

இருக்கிறது, ஆனால் எண்ண ஒரு கை விரல்கள் போதும் என்கிற அளவில். 2019-ல் வந்த மலையாள 'ஜூன்' பள்ளிக்கூடத்தில் தொடங்கிக் கல்யாணப் பேச்சுவரை ஒரு பெண்ணோடு கூடவே நடக்கிறது. ரஜிஷா விஜயன் அந்த வயதுகள் எல்லாவற்றையும் ஒரே முகத்தில் காட்டுவார். தமிழில் வர்ஷா பரத் எடுத்த 'பேட் கேர்ள்' 2025-ல் வந்தது. ரம்யா என்ற பெண் பள்ளியில் ஆரம்பித்து முப்பதுகளின் தொடக்கம்வரை காதலிக்கிறாள், சொதப்புகிறாள், மறுபடி காதலிக்கிறாள். ராட்டர்டாம் திரைப்பட விழாவில், ஆசியப் படங்களுக்குக் கொடுக்கிற நெட்பேக் விருது வாங்கிய படம். இங்கே டீசர் வந்த அன்றே சண்டை. ஆண் பிள்ளை செய்தால் நினைவு, பெண் செய்தால் கெட்ட பெயர் என்ற கணக்கு அந்தத் தலைப்பிலேயே இருக்கிறதே.

ஆனால் இதெல்லாம் நேற்று முளைத்த சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 1977-ல் பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே'யை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நாம் சப்பாணியையும் பரட்டையையும் பேசிப்பேசியே அது மயிலின் படம் என்பதை மறந்துவிட்டோம். டீச்சர் ஆக வேண்டும், படித்த, கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று கனவு காண்கிற பெண், அந்தக் கனவுக்குப் பொருத்தமான உடுப்போடு வந்த டாக்டரிடம் ஏமாந்து, தான் சீந்தாமல் விட்ட ஒருவனை மனுஷனாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். இது அச்சு அசல் பதின்பருவக் கதை. ஒரே மனக்குறை, படம் அவளை ரயில் நிலையத்தில் காக்க வைத்துவிட்டு முடிந்துவிடுகிறது. டீச்சர் கனவு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் ஐந்தாறு முறை பார்த்த பிறகுதான் கேட்டேன். ஸ்ரீதேவிக்கு அப்போது பதினான்கு வயதுதான் என்பதை இன்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது.

மகளுக்கு 14 வயது. இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க ஒரு காதல் படம் சொல்லுங்கள். நெளிய வைக்காததாக இருந்தால் நல்லது. – ஒரு அப்பா

'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. ஜப்பானிய அனிமேஷன், 1995, ஸ்டுடியோ ஜிப்லி. திரைக்கதை ஹயாவோ மியாசாகி, இயக்கம் யோஷிஃபுமி கோண்டோ. அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் இது. 1998-ல், 47 வயதில் இறந்துவிட்டார்.

நாயகி ஷிசுக்குவுக்கும் 14 வயதுதான், புத்தகப் பைத்தியம். நூலகத்தில் தான் எடுக்கிற புத்தகங்களின் இரவல் அட்டையில் எல்லாம் தனக்கு முன்னால் ஒரே பையனின் பெயர் இருப்பதைக் கவனிக்கிறாள், அங்கே பிடிக்கிறது கதை. அந்தப் பையனுக்கு வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலி போக வேண்டும் என்ற வெறி. இதுவே வேறு படமாக இருந்தால் அவள் வழியனுப்பி வைத்து அழுவாள், பாட்டு வரும். இங்கே அவளுக்கு வருவது பொறாமை கலந்த பயம்: அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே. அவன் வெளியூரில் இருக்கிற இரண்டு மாதத்தில் ஒரு கதை எழுதி முடிப்பேன் என்று உட்கார்ந்துவிடுகிறாள். மதிப்பெண் சரிகிறது, வீட்டில் பஞ்சாயத்து. எழுதி முடித்ததைப் படித்த பெரியவர் ஒருவர் பிரமாதம் என்று பொய் சொல்லவில்லை, இன்னும் பட்டை தீட்டாத கல் என்று உள்ளதைச் சொல்கிறார், அவள் அழுது தீர்க்கிறாள்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர் அந்தப் பெண்ணின் அப்பா. படிப்பை விட்டுவிட்டு எதையோ செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் கத்தாமல், சரி, உன் வழியில் போய்ப் பார், ஆனால் அது சுலபமில்லை, தவறினால் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது என்கிற மாதிரி இரண்டே வாக்கியம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கடைசிக் காட்சியில் பையன் கல்யாணப் பேச்சை எடுப்பது பதினான்கு வயதுக்குக் கொஞ்சம் அவசரம்தான், மகள் அதைப் பார்த்துச் சிரிப்பாள், நீங்களும் சிரித்துவிடுங்கள். படம் முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

கண்ணாடியைக் கழற்றி முடியை அவிழ்த்துவிட்டதும் அவள் அழகியாகி, ஹீரோ அப்போதுதான் திரும்பிப் பார்க்கிற படங்கள் உங்களுக்குப் பிடிக்குமா? – கண்ணாடி போட்ட வாசகி

கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு எதிரில் இருப்பவரே தெரியாது. அவர்களுக்கு எப்படித்தான் காதலன் தெரிகிறானோ.

சிறு வயதில் உருகி உருகிப் பார்த்த ஒரு படத்தை இப்போது பார்த்தேன். அவளுக்குப் பதினாறு, அவனுக்கு முப்பதுக்கு மேல். வயிற்றைப் பிசைந்தது. நான்தான் மாறிவிட்டேனா? – பெயர் வேண்டாம் என்றவர்

நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், படம் அங்கேயே நிற்கிறது. இந்த வயது வித்தியாசத்தைக் காட்டுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அது நடக்கிற விஷயம்தான். எந்தக் கண்ணால் காட்டுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை.

லோன் ஷெர்ஃபிக் இயக்கி 2009-ல் வந்த 'ஆன் எஜுகேஷன்' பாருங்கள், லின் பார்பர் என்ற பத்திரிகையாளர் தன் இளமையைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்தது. 1961 லண்டன், பதினாறு வயது ஜென்னி, மழையில் செல்லோ வாத்தியத்தோடு நிற்கிறாள். காரில் வருகிறவன் அவளை ஏறச் சொல்லவில்லை, வாத்தியம் நனைகிறதே, அதை மட்டும் வண்டியில் வை, நீ பக்கத்தில் நடந்து வா என்கிறான். எவ்வளவு பண்பானவன் என்று நமக்கே தோன்றும், அவளுக்குத் தோன்றாதா? பிறகு கச்சேரி, ஏலம், பாரிஸ். அவளுடைய அப்பா அம்மாவையும் சேர்த்தே மயக்குகிறான், அதுதான் படத்தின் கெட்டிக்காரத்தனம்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஏமாறுகிறார்கள், விலை கொடுக்கிறவள் ஒருத்தி. அவன் ஏற்கெனவே கல்யாணமானவன் என்று தெரிந்த இடத்தில் படத்தை முடித்திருந்தால் சாதாரணப் படம். அதற்குப் பிறகும் ஓடுகிறது. தான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்த ஆசிரியையின் வீட்டுக்கே போய், எனக்கு உங்கள் உதவி வேண்டும் என்று நிற்கிறாளே, அந்தக் காட்சிக்காகவே கேரி மல்லிகனுக்கு ஆஸ்கர் கொடுத்திருக்கலாம். பரிந்துரையோடு நின்றுவிட்டது.

இன்னொன்று, சோஃபியா கப்போலாவின் 'ப்ரிசில்லா' (2023). எல்விஸ் பிரெஸ்லியை ப்ரிசில்லா சந்தித்தபோது அவருக்கு 14, எல்விஸுக்கு 24. ஊரே கொண்டாடிய காதல் கதையை அந்தப் பெண் உட்கார்ந்திருந்த அறையிலிருந்து காட்டுகிறது. எல்விஸாக வருகிற ஜேகப் எலோர்டி அவ்வளவு நெடு நெடு, கெய்லீ ஸ்பெய்னி அவ்வளவு சின்ன உருவம், பக்கத்தில் நின்றாலே வசனம் தேவைப்படவில்லை. ப்ரிசில்லா தானே காரை ஓட்டிக்கொண்டு வாசல் கேட்டைத் தாண்டுகிற இடத்தில் படம் முடிகிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் ஸ்பெய்னிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

'ப்ரிட்டி இன் பிங்க்' படத்தில் நாயகி ஆண்டி கடைசியில் அந்தத் தோழன் டக்கியோடு சேர்ந்திருக்க வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை. – எண்பதுகளின் ரசிகர்

முதலில் சேர்ந்துதான் இருந்தார்கள். 1986 படம், ஜான் ஹ்யூஸ் எழுதி ஹவர்ட் டாய்ச் இயக்கியது. வெளியீட்டுக்கு முன் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், அவர்களோ பணக்காரப் பையன் பிளேனோடுதான் சேர வேண்டும் என்று முகம் சுளித்தார்கள், உடனே முடிவை மறுபடி எடுத்தார்கள். பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி அதற்குள் ஒரு நாடகத்துக்காகத் தலையை மழித்துவிட்டதால் கடைசிக் காட்சியில் இருப்பது விக். இனிமேல் பார்க்கும்போது உங்கள் கண் அங்கேயேதான் போகும், மன்னிக்கவும். ஹ்யூஸுக்கும் உங்களைப் போலவே ஆறவில்லை போலிருக்கிறது. அடுத்த வருடமே அதே இயக்குநரை வைத்து 'சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்' எழுதினார், ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி, அதில் கூடவே இருக்கும் தோழிதான் ஜெயிக்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நாற்பது வருடமாக 'அவனா இவனா' என்று அடித்துக்கொள்கிறோம். ஆண்டி கையில் காசில்லாமல் தன் துணிகளைத் தானே வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்கிற பெண், அந்தக் கையில் ஒரு வேலை, ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை நானும் உங்களைப் போலவே கவனிக்காமல்தான் பார்த்தேன். இதே வகையில் 2018-ல் தொடங்கி மூன்று பாகம் வந்த 'டு ஆல் தி பாய்ஸ்' வரிசை இந்த இடத்தில் பரவாயில்லை. கடைசிப் பாகத்தில் லாரா ஜீன் காதலன் படிக்கப் போகும் ஊரின் பக்கமே போகாமல், தனக்குப் பிடித்துப்போன நியூயார்க்குக்குப் போகிறாள், காதலும் முறியவில்லை. நடுவில் கொஞ்சம் சர்க்கரை தூக்கல், அது இருக்கட்டும்.

இந்த மாதிரிப் படங்களைப் பெண்கள் இயக்கினால்தான் சரியாக வருமா? – உதவி இயக்குநர் (ஆண்)

பயப்படாதீர்கள், நான் மேலே தலையில் தூக்கி வைத்த கோண்டோ ஆண்தான். ஆனால் சில விஷயங்கள் உங்களுக்குத் தானாகத் தோன்றாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஷுச்சி தலாட்டியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' (2024) படத்தில் மீராவுக்கு ஒரு பையன் மேல் ஆசை வருகிறது, அதுவரை எல்லோரும் எழுதுவோம். அவன் வீட்டுக்கு வருகிறான், மீராவின் அம்மா அவனோடு சிரித்துப் பேசிப் பழகுகிறார், தன் இளமையில் தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று மகளுக்குக் கிடைப்பதைப் பார்க்கிற தாயின் முகத்தில் பாசமும் ஏக்கமும் போட்டியும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. மகளுக்கு அது புரிகிறது, பெயர் சொல்லத் தெரியவில்லை. கனி குஸ்ருதியும் ப்ரீத்தி பாணிக்ரஹியும் அந்த மௌனங்களை நடித்த விதத்துக்குச் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ப்ரீத்திக்கு நடுவர்களின் சிறப்பு விருதும், படத்துக்குப் பார்வையாளர் விருதும் கிடைத்தன. காதல் படம் என்று உட்கார்ந்தால் அம்மா மகள் படமாகி எழுந்திருப்போம். கிரெட்டா கெர்விக்கின் 'லேடி பேர்ட்' (2017) கூட அப்படித்தான், இரண்டு காதலர்கள் வந்து போகிறார்கள், கடைசியில் அவள் ஃபோனில் தேடுவது அம்மாவை.

எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் கான் விழாவின் உச்ச விருதை, ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் மேல் வருகிற காதலைச் சொன்ன 'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' படத்துக்காக, அதை எடுத்த ஆண் இயக்குநருக்கும் இரண்டு நடிகைகளுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த நடிகைகளே, படப்பிடிப்பு எங்களை வதைத்துவிட்டது, இனி அவரோடு வேலை செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். திரையில் அந்தப் பெண்ணின் மனசு என்று நாம் நம்பியதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு கேமராவுக்குப் பின்னால் நின்றவருடையது? எனக்கு அந்தப் படம் பிடிக்கும், அதனால்தான் இந்தக் கேள்வி உறுத்துகிறது. உங்கள் செட்டில் இதை யோசித்துவிட்டு லென்ஸ் மாற்றுங்கள்.

எனக்கு 46 வயது. இப்போதும் பள்ளிக்கூடக் காதல் படம் என்றால் உட்கார்ந்துவிடுகிறேன். பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள். – ஒரு அம்மா

உலாவின் கணக்குப் பேரிளம்பெண்ணோடு 40-ல் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் உங்களைக் கேட்க ஆளே இல்லை, நிம்மதியாகப் பாருங்கள். இசாவோ தகஹாட்டாவின் 'ஒன்லி யெஸ்டர்டே' (1991) உங்களுக்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். டேகோவுக்கு 27 வயது, ஆபீஸ் வேலை, லீவு போட்டுவிட்டுக் கிராமத்தில் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள், போகிற வழியெல்லாம் ஐந்தாம் வகுப்புப் படித்த தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த வயதில் ஒரு பையன் தெருவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வெயில், மழை, மேகமூட்டம், இதில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்பான். மேகமூட்டம் என்பாள். அவனுக்கும் அதேதான். அவ்வளவுதான் காதல், அந்தப் பெண் வானத்தில் ஏறிப் பறந்துவிடுவாள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். படத்தின் முடிவே அந்தப் பெயர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.