சனிக்கிழமை விடியலில் ஏரிக்குப் போகாதீர்கள், முன்பணமும் அனுப்பாதீர்கள்

கேள்வி: டெக்சாஸில் பிளேனோ நகரில் இரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன், எச்1பி விசா. சென்ற ஆண்டு மார்ச்சில் நண்பரின் படகில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் பல சனிக்கிழமைகள் விடியற்காலையிலேயே போனோம். படகு இறக்கும் இடத்தில் நீண்ட வரிசை. ஏரி முழுக்க மீன்பிடிப் போட்டிக்காரர்களின் படகுகள். கரையோரக் குடாக்களில் ஒதுங்கக்கூட இடமில்லை. ஆழமில்லாத நீரில் பாஸ் என்னும் நன்னீர் மீன்கள் கண்ணுக்குத் தெரிந்தும் இரையைத் தொடவில்லை. இந்த வசந்தத்தில் ஊரிலிருந்து 68 வயது அப்பா வருகிறார், 14 வயது மகனும் உடன் வருவான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வழிகாட்டி, படகு, உரிமம் எல்லாம் சேர்த்து மூவருக்கும் 900 டாலர் என்கிறார். பாதியை முன்பணமாக அனுப்பினால் மீன் உறுதி என்றும் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். உங்களுக்கு ஏன் மீன் கிடைக்கவில்லை என்பது புரிந்துவிட்டால் அந்த 900 டாலருக்கு வேலையே இல்லை என்பதும் புரிந்துவிடும். ஆகவே முதலில் மீன்.

உங்கள் தூண்டிலிலோ கைப்பழக்கத்திலோ குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போன நேரம்தான் தவறு. விடியலில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது கோடைக்காலத்து விதி. வெயில் ஏறுமுன் நீர் குளிர்ந்திருக்கும், மீன் மேலே வந்து மேயும். மார்ச்சில் நிலைமை நேர்மாறு. இரவெல்லாம் குளிர்ந்த கரையோர நீர், விடியும் நேரத்தில்தான் அந்த நாளிலேயே மிகவும் சில்லிட்டுக் கிடக்கும். பாஸ் மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் பிராணி அல்ல, நீர் குளிர்ந்தால் அதுவும் மந்தமாகிவிடும். நீரின் வெப்பம் 60 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது ஏறக்குறைய 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது அது முட்டையிடுகிறது. அந்த வெப்பத்தைத் தேடித்தான் வசந்தத்தில் ஆழத்தை விட்டுக் கரையோரம் வருகிறது. பகலெல்லாம் வெயில் பட்டு, பிற்பகல் மூன்று நான்கு மணிக்குத்தான் அந்த ஆழமற்ற நீர் நன்றாகச் சூடேறும்.

போட்டிக்காரர்களின் நேரம் வேறு. முதல் வெளிச்சத்தில் புறப்பட்டு, பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மீனை எடைபோடத் திரும்பிவிடுவார்கள். மீன் விழித்துக்கொள்ளும் வேளையில் ஏரி காலியாகிறது! மார்ச் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால், அதன்பிறகு சூரியன் மறைய இரவு ஏழரை ஆகிவிடும். வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பின் நான்கு மணி நேரம் முழுதாகக் கையில் இருக்கும். படகு இறக்க வரிசையும் இருக்காது. வார நாளில் அரை நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

நாளைத் தேர்ந்தெடுக்க நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள். டெக்சாஸ் வசந்தத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை வடக்கிலிருந்து வாடை இறங்கும். மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாக இருக்கும், மனிதர்களுக்கு அருமையான நாள், எல்லோரும் படகை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மீனோ மூழ்கிய மரங்களின் அடியிலும் சற்று ஆழமான இடங்களிலும் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்காது. வாடை ஓய்ந்து, தெற்குக் காற்று திரும்பி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சூடேறிய பிறகு போங்கள்.

இடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஏரியின் வடகரையில் உள்ள குடாக்கள் முதலில் சூடேறும், ஏனெனில் வாடை அங்கே நேராகத் தாக்காது, தெற்கே சாய்ந்த சூரியன் நன்றாகப் படும். எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் குடாவின் கடைக்கோடியில்தான் கூட்டம் அப்பும். நீங்கள் அங்கே போட்டியிட வேண்டாம். குடாவின் வாயில், தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில் நங்கூரமிடுங்கள். உள்ளே போகும் மீனும், இரைச்சலுக்குப் பயந்து வெளியே வரும் மீனும் அந்த விளிம்பைக் கடந்துதான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி, ஈயக்குண்டு இல்லாமல் தானாக மெல்ல அமிழவிட்டாலே போதும். ஃபோர்க்கில் பட்ட மரங்கள் நீருக்குள் காடாக நிற்பதால் தூண்டில் நரம்பு மட்டும் கனமாக இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரிந்தும் கடிக்காத மீன்கள் பெரும்பாலும் கூட்டைக் காவல் காக்கும் ஆண் மீன்கள். அடித்தரையை வாலால் துடைத்துக் குழி பறிப்பது ஆண், முட்டையிட்டுவிட்டுப் பெண் விலகிவிடும், குஞ்சுகள் ஓரளவு வளரும் வரை ஆண் அங்கேயே நிற்கும். ஊர்க் கண்மாயில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றுவதைப் பார்த்திருந்தால் உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். அது பசிக்காக வாய் திறப்பதில்லை, கூட்டுக்குள் நுழைவதைத் துரத்தத்தான் கவ்வும். டெக்சாஸில் பாஸ் மீனுக்குத் தடைக்காலம் கிடையாது, ஆகவே கூட்டின் மேல் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றமில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மீனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்று தீர்த்துவிடுகின்றன. பிடித்தே விட்டால் பிடித்த இடத்திலேயே, உடனே விடுங்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் நபர். வசந்தம் வந்தால் ஏரியைச் சுற்றி இப்படிப்பட்டவர்கள் முளைத்துவிடுகிறார்கள். ஃபோர்க் ஏரிக்கு இருக்கும் பெயரே அதற்குக் காரணம். 1980இல் அணை அடைக்கப்பட்ட இந்த ஏரியில் ஃபுளோரிடா இனப் பாஸ் குஞ்சுகளை முன்கூட்டியே விட்டு வளர்த்தார்கள். 1992 ஜனவரியில் இங்கே பிடிபட்ட 18.18 பவுண்டு மீன்தான் டெக்சாஸ் மாநிலச் சாதனை. அந்தக் கனவோடு தொலைவிலிருந்து வருபவர்களிடம் பணம் கறப்பது எளிது. நான் கேட்டறிந்த ஏமாற்றுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒருவர் பணம் வாங்குவார், படகில் வருபவர் வேறொருவராக இருப்பார். வாடை அடித்துப் பயணம் ரத்தானால் முன்பணம் திரும்பாது. கூலிக்கு ஆள் ஏற்றி மீன்பிடிக்க அழைத்துப் போகிறவர் டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையிடம் வழிகாட்டி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த இடைத்தரகர்கள் அனுப்பும் ஆளிடம் அது இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? கேட்டால் அவமரியாதை என்று தயங்குகிறோம். நம்மவர் ஆயிற்றே என்ற கூச்சம்தான் அவர்களுடைய முதலீடு.

எல்லாவற்றையும்விட ஆபத்து, 'உரிமமும் சேர்த்து' என்ற அந்த ஒரு வரி. மீன்பிடி உரிமம் வாங்கும்போது சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள். அதை வாட்ஸ்அப்பில் ஒரு முன்பின் அறியாதவருக்கு அனுப்புவதா? அதோடு, செலவை மிச்சப்படுத்த உங்கள் அப்பாவை டெக்சாஸ்வாசி என்று பொய்யாகப் பதிந்துவிடுவார்கள். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது உரிமத்தில் பெயர் உள்ளவர்தான், தரகர் அல்ல. விருந்தினர் விசாவில் வந்திருக்கும் பெரியவருக்கு அப்படியொரு தலைவலி வேண்டாம்.

உரிமத்தைப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் சொந்த இணையதளத்திலோ வால்மார்ட் போன்ற கடையிலோ நீங்களே வாங்கிவிடலாம். மகனுக்கு 17 வயது ஆகவில்லை, உரிமமே தேவையில்லை. உங்கள் விசா எது என்று யாரும் பார்க்கப்போவதில்லை, தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் வசிப்பவர் உள்ளூர்வாசியாகவே கணக்கு. நன்னீர் ஆண்டு உரிமம் 30 டாலர். ஆண்டு என்று பெயர் இருந்தாலும் எப்போது வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் போவீர்கள் என்றால் 11 டாலர் ஒரு நாள் உரிமம் போதும். அப்பாவுக்கு வெளியூர்க்காரருக்கான ஒரு நாள் உரிமம் 16 டாலர். ஆக மொத்தம் 27 டாலரில் முடிகிற வேலை. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போனாலும் உங்கள் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும்.

அந்த 27 டாலரும் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள், கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போட்டால் எவருக்கும் உரிமம் தேவையில்லை. உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடும் கிடையாது. ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு, கவனமாகக் கேளுங்கள். பூங்கா என்றால் மாநிலப் பூங்கா மட்டும், நகராட்சிப் பூங்காவோ ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரைப் பூங்காவோ அல்ல. ஒரே ஏரியில் ஒரு கரை மாநிலப் பூங்காவாகவும் மறு கரை வேறொரு துறையின் இடமாகவும் இருக்கும். பூங்கா எல்லைக்குள் நிற்கும் வரைதான் சலுகை, பத்தடி நடந்து எல்லையைத் தாண்டினால் போயிற்று. ஏரியில் படகில் ஏறிவிட்டால் இந்தச் சலுகையை நம்பவே வேண்டாம். நுழைவுக் கட்டணம் தனியாக உண்டு. எத்தனை மீன், எந்த அளவு மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்புகள் உரிமம் இல்லாதவருக்கும் அப்படியே பொருந்தும். ஃபோர்க் ஏரியில் மாநிலப் பூங்கா கிடையாது, அங்கே இந்தப் பேச்சே எடுக்க முடியாது.

68 வயது அப்பாவோடு முதல் நாளுக்கு நான் சொல்வது பர்டிஸ் க்ரீக் மாநிலப் பூங்கா. டாலஸுக்குத் தென்கிழக்கே 355 ஏக்கர் ஏரி, படகுகள் அலை எழுப்பாமல் மெதுவாக மட்டுமே போகலாம். 27,000 ஏக்கர் ஃபோர்க்கில் சீறும் படகுகளின் அலையில் தள்ளாடுவதற்குப் பதில் மேடையில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

ஃபோர்க் போவதென்றால் அதன் அளவு விதியை மறக்காதீர்கள். மாநிலப் பொது விதி 14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை விட்டுவிடச் சொல்கிறது. ஃபோர்க்கில் 16 அங்குலம் வரை உள்ளதை வைத்துக்கொள்ளலாம். 16க்கும் 24க்கும் இடைப்பட்டது எல்லாம் உடனே நீருக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மீன், அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ ஒன்றே ஒன்று. அளவுகோல் இல்லாமல் போகாதீர்கள்.

கூட்டத்தைப் பற்றி நீங்கள் பட்ட எரிச்சல் நியாயமானது. மீனுக்கு விதி போடுவது ஒரு துறை, ஏரியை நிர்வகிப்பது சபைன் நதி ஆணையம், படகு இறக்கும் இடங்களில் பல தனியார் கையில். இத்தனை கைகள் இருந்தும் ஒரே சனிக்கிழமையில் போட்டிமேல் போட்டி குவிவதைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். அடுத்தவர் மீன்பிடிப்பதை வேண்டுமென்றே தடுப்பது டெக்சாஸில் குற்றம் என்று சட்டம் இருக்கிறது. நீங்கள் தூண்டில் போட்டிருக்கும் குடாவுக்குள் இன்னொருவர் முழு வேகத்தில் நுழைந்தால், அது வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தாக வேண்டுமாம்! படகு இறக்க முன்பதிவு முறை, வசந்த வார இறுதியில் போட்டிகளுக்கு ஓர் உச்சவரம்பு ஆகியவற்றைக் கொண்டுவருவது அவ்வளவு பெரிய வேலையா? பொதுக்கருத்து கேட்கும் கூட்டங்களைத் துறை நடத்துகிறது. போட்டிக்காரர்கள் தவறாமல் வருகிறார்கள். குடும்பத்தோடு மீன்பிடிப்பவர்களும் வந்து பேச வேண்டும்.

இதற்குப் பிறகும் வழிகாட்டி வேண்டுமென்றால் தரகரை விட்டுவிட்டு வழிகாட்டியிடமே நேரடியாகப் பேசுங்கள். வழிகாட்டி உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். படகில் வரப்போவது அவரேதானா, வானிலை கெட்டால் முன்பணம் திரும்புமா, மறு தேதியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிற்பகல் அரை நாளுக்கு மட்டும் பேசுங்கள், முழு நாள் உங்கள் அப்பாவுக்கும் களைப்பு, பணமும் வீண். மீன் உறுதி என்று சொல்பவரை அந்தச் சொல்லோடு விட்டுவிடுங்கள், நல்ல வழிகாட்டி எவரும் அதைச் சொல்வதில்லை. படகில் 13 வயதுக்குட்பட்டவர்தான் உயிர்காப்புச் சட்டை அணிந்தே தீர வேண்டும் என்கிறது சட்டம். மார்ச் மாத நீரின் குளிரில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் விறைத்துப்போவார், ஆகவே மூவருமே அணியுங்கள். அப்பாவின் அளவுக்குச் சரியானது படகில் இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முதல் நாளே கேட்டுவிடுங்கள்.