மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா? ஏ.சி. கேள்வி-பதில்

கேள்வி: படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கப் போகிறோம். ஏப்ரல் முதல் ஜூலை வரை, இரவு எட்டு மணி நேரம்தான் ஓடும். மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். ‘இரண்டே வருஷத்தில் கரண்ட் பில்லில் எடுத்துவிடலாம்’ என்கிறார் கடைக்காரர். ஏ.சி.யையும் சேர்த்தால் கோடையில் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வரும். எதை வாங்குவது? (மதுரை வாசகி)

பதில்: கடைக்காரர் வாயால் போட்ட கணக்கை நாம் பேப்பரில் போட்டுப் பார்ப்போம்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினால் ஆகிற செலவு. மூன்று ஸ்டாரில் 980, ஐந்து ஸ்டாரில் 750 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 230 யூனிட். ஆனால் நீங்கள் ஓட்டப்போவது 120 இரவுகள், எட்டு மணி நேரம். மொத்தம் 960 மணிதான். அப்படியானால் மிச்சம் 138 யூனிட். இரண்டு பில்லுக்குப் பிரித்தால் பில்லுக்கு 69.

உங்கள் 600 யூனிட் 530-க்கு இறங்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் யூனிட் சுமார் எட்டரை ரூபாய். ஒரு கோடைக்கு 1,170 ரூபாய் மிச்சம். எட்டாயிரத்தை எடுக்க ஏறக்குறைய ஏழு வருஷம் ஆகும்!

இதே ஏ.சி. 560 யூனிட் வருகிற வீட்டில் இருந்தால் கதை வேறு. தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு வாசற்படி. அதைத் தாண்டினால் ஐநூறுக்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்துவந்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் கை விட்டுப் போகும். அந்த வீட்டுக்காரர் 69 யூனிட் குறைத்தால் 491-க்கு வந்துவிடுவார். பில்லுக்கு எண்ணூறு ரூபாய் வரை மிஞ்சும். அவருக்கு ஐந்து வருஷத்தில் காசு திரும்பிவிடும். சென்னையில் வருஷத்துக்கு முந்நூறு இரவு ஏ.சி. போடுகிறவருக்கோ மூன்று வருஷம்கூட ஆகாது.

ஆகவே உங்களுக்கு மூன்று ஸ்டார் போதும் என்பது என் கருத்து. பிள்ளைகள் பகலிலும் போடுவார்கள் என்று தெரிந்தால் மட்டும் ஐந்துக்குப் போங்கள். ஏனென்றால் ‘இரவு மட்டும்’ என்று சொல்லித்தான் எல்லோரும் வாங்குகிறோம்.

இன்னொன்று. ஸ்டாரின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பி.இ.இ. என்கிற மத்திய அரசு அமைப்பு சில வருஷத்துக்கு ஒரு முறை அளவுகோலை இறுக்குகிறது. போன வருஷத்து ஐந்து ஸ்டார் இந்த வருஷம் நான்காக இறங்கலாம். பழைய இருப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிற கடையில் முத்திரையின் காலத்தையும், செலவாகிற மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் கிடைக்கும் என்று சொல்கிற ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணையும் பாருங்கள். வெவ்வேறு வருஷத்து மாடல்களை ஒப்பிட அந்த எண்தான் நம்பகமானது; கூடுதலாக இருந்தால் நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதைத் தன் கைக்காசில் தருகிற ‘சிறப்புத் தள்ளுபடி’ மாதிரி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே 12-க்கு 14 அடி அறை. இரண்டு டன் போட்டால்தான் தாங்கும் என்கிறார்கள். உண்மையா? (சேலம்)

பதில்: 168 சதுர அடிக்கு வழக்கமாக ஒன்றரை டன்னே தாராளம். உங்கள் சிக்கல் அறையின் அளவில் இல்லை, தலைக்கு மேல் இருக்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே சூட்டைக் கக்கும். இரண்டு டன் போட்டால் அந்தச் சூட்டோடு மல்லுக்கட்ட மாதாமாதம் கூலி கொடுப்பீர்கள். முதலில் தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், முடிந்தால் வெள்ளை டைல்ஸ். மேற்கு ஜன்னல் இருந்தால் வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி. அப்புறம் ஒன்றரை டன் வாங்குங்கள்.

வாங்கும்போது ‘டன்’ என்ற சொல்லோடு நிறுத்தாமல் குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்று முத்திரையில் பாருங்கள். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். ஏறக்குறைய 3,500 வாட். அந்தக் கணக்கில் ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் இருக்க வேண்டும். ஆனால் 4,800 வாட் பெட்டியும் அதே பெயரில் விற்கிறது. மாடி அறைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கினால் கரண்ட் போனாலும் ஓடுமா?

பதில்: ஓடாது. வீட்டில் பேட்டரியோடு இருக்கிற இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. இங்கே அந்தப் பெயர், கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மின்னணு அமைப்பைக் குறிக்கிறது.

கேள்வி: வருஷா வருஷம் சர்வீஸுக்கு வருகிறவர் ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று சொல்லி இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிவிடுகிறார். கேஸ் அப்படித் தீருமா? (கடலூர்)

பதில்: தீராது. அது ஸ்கூட்டரில் போடுகிற பெட்ரோல் இல்லை; மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மேலே நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எனக்கும் இது நடந்தது. மூன்று கோடை, மூன்று தடவை கேஸ். நான்காவது தடவை வந்த வேறொரு மெக்கானிக், அவுட்டோர் பெட்டியில் குழாய் சேரும் நட்டில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. நட்டைக் கழற்றி, குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்கினார். அதற்கப்புறம் கேஸ் பேச்சே இல்லை. முதல் மூன்று தடவை கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நீங்கள் கடற்கரை ஊர்க்காரர். உப்புக் காற்றில், கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருள் (‘காயில்’) அரித்துக் கசிவது உங்கள் ஊரில் நிஜமாகவே நடக்கும். அதனால் மெக்கானிக் பொய்தான் சொல்கிறார் என்று சொல்லிவிட மாட்டேன். சோதித்துப் பாருங்கள்: ஏ.சி. கால் மணி நேரம் ஓடிய பிறகு ஒரு சாதாரண தெர்மாமீட்டரை இன்டோரின் மேல்பக்கம், காற்று உள்ளே போகிற இடத்திலும், பிறகு காற்று வெளியே வருகிற வாயிலும் பிடியுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைத் தொடவே வேண்டாம். குறைவாக இருந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். அடைத்த ஃபில்டரும் இதே வேஷம் போடும்.

உண்மையிலேயே கசிவுதான் என்றால் மூன்று வேலை நடக்க வேண்டும். நைட்ரஜன் அடைத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது, பம்ப் வைத்து வெற்றிடமாக்குவது, பெட்டியில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்து கேஸ் ஏற்றுவது. தராசு இல்லாமல் கைக்கணக்கில் ஏற்றுகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். பில் தர மறுத்தாலோ, வாரன்டி இருந்தும் காசு கேட்டாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி: வெளியிலிருந்து வந்ததும் 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பதில்: 16 என்பது போய்ச் சேர வேண்டிய இடம், வேகம் அல்ல. பழைய வகை ஏ.சி. 24-இல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிர்விக்கும். இன்வெர்ட்டரும் அறை சூடாக இருக்கும்வரை முழு மூச்சில்தான் ஓடும். 16-இல் வைத்துத் தூங்கினால், அது சேர முடியாத இடத்துக்கு விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டு போர்வைக்குள் இருப்பீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது பி.இ.இ. கணக்கு. 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுற்ற விடுங்கள்.

கேள்வி: இன்டோரிலிருந்து சுவரில் தண்ணீர் சொட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் ட்ரெயின் பைப்பில் பாசியும் தூசியும் அடைத்திருக்கும். வெளி முனையில் பைப் வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா, வளைந்து மேலே ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஊதி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்திப் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதற்கு மெக்கானிக் தேவையில்லை, ஸ்டூல் போதும்.