போரின் முடிவைத் தீர்மானிப்பது ராணுவத் தொழில்நுட்பம்தானா?

நல்ல ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஜெயிப்பார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அகமத்நகர் டாங்கி அருங்காட்சியகத்தில் ஒரு பாட்டன் டாங்கியைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. சுமார் 45 டன் எடை, 90 மிமீ பீரங்கி, தொலைவைக் கணிக்க இரட்டைக்கண் கருவி. அந்தக் காலத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு எட்டாக்கனி. இப்படிப்பட்ட டாங்கி 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் எப்படித் தோற்றது என்று அதற்கப்புறம் தேடித்தேடிப் படித்தேன்.

1965 செப்டம்பர். பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷன் (டாங்கிப் படை) பாட்டன்களோடு பஞ்சாப் எல்லையில் கேம்கரணைத் தாண்டி வருகிறது. பியாஸ் ஆற்றுப் பாலம் வரை போய் அமிர்தசரஸைத் துண்டித்துவிடுவது திட்டம். எதிரே நம்மிடம் இருந்தது கதம்பக் கூட்டணி: கொஞ்சம் பிரிட்டிஷ் செஞ்சூரியன், பிரான்ஸின் இலகுவான ஏஎம்எக்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன் டாங்கிகள். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் பந்தயம் பாட்டன் பக்கம்தான்.

நம் படை அசல் உத்தர் என்ற ஊரைச் சுற்றிக் குதிரைலாட வடிவில் உட்கார்ந்துகொண்டது. (அந்தப் பெயருக்கு ‘சரியான பதில்’ என்று பொருள் வரும். போருக்கு முன்பிருந்தே ஊரின் பெயர் அதுதான்!) கால்வாய்க் கரையை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். வயல் முழுக்க ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. நடவுக்கு உழுத வயலில் டிராக்டர் புதைந்து, இழுக்க இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். இங்கே புதைந்தது 45 டன்.

பாட்டனின் தொலைவு கணிக்கும் கருவி தூரத்து இலக்கைத் துல்லியமாக அடிக்க உதவுவது. கரும்புக்குள் வந்தவனுக்குச் சில நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது அதை வைத்து என்ன செய்வது? அதோடு, அந்தக் கருவியைச் சரியாகக் கையாள நல்ல பயிற்சியும் வேண்டும்.

நம் பக்கம் கிரனேடியர்ஸ் நான்காம் பட்டாலியனின் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய 106 மிமீ ஆர்சிஎல் (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கியோடு கரும்புக்குள் காத்திருந்தார். ஜீப்புக்குக் கவசம் கிடையாது. சுட்டவுடன் பின்பக்கம் கிளம்பும் தீயும் புழுதியும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக டாங்கிகளை அப்படித்தான் வீழ்த்தினார். செப்டம்பர் 10 அன்று அதே சண்டையில் உயிரிழந்தார். பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. பாட்டன் அமெரிக்கத் தயாரிப்பு. அதை அடித்த ஆர்சிஎல்லும் அமெரிக்க வடிவமைப்புதான்.

சண்டை ஓய்ந்தபோது பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. பிக்கிவிண்ட் அருகே அவற்றை வரிசையாக நிறுத்திய இடத்துக்கு ‘பாட்டன் நகர்’ என்றே பெயர் வந்துவிட்டது.

சரி, அப்படியானால் செஞ்சூரியன்தான் பாட்டனைவிட உசத்தி என்று முடிவு கட்டலாமா? அங்கேதான் கதை திரும்புகிறது. அதே மாதம், வடக்கே பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் நம் கவச டிவிஷன் செஞ்சூரியன்களோடு முன்னேறியது. பில்லோராவை வென்றது. சவிண்டாவில் மாட்டிக்கொண்டது, கடைசிவரை அந்த ஊரைப் பிடிக்க முடியவில்லை. பூனா ஹார்ஸ் படைப்பிரிவை நடத்திய லெப்டினன்ட் கர்னல் தாராபோர் அங்கேதான் உயிரிழந்தார். டாங்கிகள் மாறவில்லை. யார் பாய்கிறார், யார் பதுங்கிக் காத்திருக்கிறார் என்பதுதான் இடம் மாறியிருந்தது. நம் ஊர்க் கட்டுரைகளில் அசல் உத்தருக்குப் பத்துப் பக்கம் என்றால் சவிண்டாவுக்கு ஒரு வரி. எனக்கு இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

இதை வைத்துத் தொழில்நுட்பத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவரவில்லை. 1898இல் சூடானின் ஓம்துர்மானில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை மாக்சிம் எந்திரத் துப்பாக்கிகள், பீரங்கிகளோடு நின்றது. எதிரே, அப்போது சூடானை ஆண்ட மஹ்தி இயக்கத்தின் படையினர் திறந்தவெளியில் பகலில் ஓடிவந்து தாக்கினார்கள். அவர்கள் பக்கம் பத்தாயிரத்துக்கு மேல் செத்தார்கள். கிச்சனர் பக்கம் ஐம்பதுக்கும் குறைவு. அங்கே வீரம், நிலம் எதுவும் கைகொடுக்கவில்லை. இடைவெளி அந்த அளவுக்கு இருந்தால் ஆயுதமே தீர்ப்பு எழுதிவிடும்.

ஆனால் அந்த இடைவெளியைக் காசு கொடுத்தே அடைக்கவும் முடியும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1896 மார்ச்சில், எத்தியோப்பியாவின் அட்வாவில் பேரரசர் மெனெலிக்கிடம் இத்தாலியப் படை படுதோல்வி அடைந்தது. மெனெலிக் பல வருடங்களாக ஐரோப்பாவிலிருந்து துப்பாக்கிகளை வாங்கிக் குவித்திருந்தார். அதில் ஒரு பகுதியை, உறவு நன்றாக இருந்த நாட்களில், இத்தாலியே கொடுத்திருந்தது.