ஊட்டியில் வாங்கிய டீத்தூளில் சாயம் கலந்திருக்குமா?

கேள்வி: ஊட்டி போயிருந்தபோது வண்டி டிரைவர் அழைத்துப் போன கடையில் கால் கிலோ பாக்கெட் நான்கு வாங்கினோம். அங்கே குடித்த டீ அருமை. வீட்டில் போட்டால் ஒரே கொதியில் கறுஞ்சிவப்பாகிறது, மணமோ ருசியோ இல்லை. சாயமா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: நிறம் அடர்த்தியாக இருப்பது மட்டும் குற்றமில்லை. நிறம் வந்து, துவர்ப்பும் மணமும் வராததுதான் சந்தேகத்துக்கு இடம். நல்ல தேயிலையில் இவை சேர்ந்தே இறங்கும். கடைகளில் வடிகட்டி எறிந்த சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். புளியங்கொட்டைத் தோல், முந்திரித் தோல் அரைத்துக் கலப்பதும் உண்டு.

முதலில் ஒரு ஃபில்டர் பேப்பர் வாங்குங்கள். தட்டில் விரித்து அரை ஸ்பூன் தூளைப் பரப்பி, தாள் நனையும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் தெளியுங்கள். உடனே குழாயடியில் பிடித்துத் தூளைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தூள் கிடந்த இடங்களில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ திட்டுத்திட்டாகக் கறை நின்றால் சாயம்தான். தாள் வெளுப்பாக இருந்தால் சாயம் பற்றிக் கவலை வேண்டாம்.

பச்சைத் தண்ணீரில் தூளைப் போட்டு, கலர் இறங்கினாலே கலப்படம் என்று காட்டும் வீடியோவை அப்படியே நம்பாதீர்கள். முழு இலைத் தேயிலைக்கு அது ஓரளவு பொருந்தும். உங்களிடம் இருப்பதோ டஸ்ட், அதாவது பொடித் தேயிலை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் வருவது, வில்லியம் மெக்கெர்ச்சர் 1930களில் அசாமில் உருவாக்கிய இயந்திரம் அது. இலையின் சாறே வெளியே வந்து தூளின் மேல் காய்ந்திருப்பதால், கலப்படமே இல்லாத டஸ்ட்டும் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் நிறம் விடும். வித்தியாசம் வேகத்தில்தான். நல்ல தூள் சற்று நேரம் மிதந்து, பிறகு புகை படர்வது போல வெளிர் பழுப்பாக மெல்ல இறங்கும். சாயத்தூள் தண்ணீரைத் தொட்டவுடனே பளிச்சென்ற கோடாக அடிவரை ஓடும். நம்பிக்கையான வேறொரு தூளைப் பக்கத்து டம்ளரில் அதே அளவு போட்டு ஒப்பிடுங்கள். அப்போதும் குழப்பம் என்றால் தாள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் அழைத்துப் போன கடை என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் ஆரம்பம். டீ ஃபேக்டரி காட்டுகிறோம் என்று கமிஷனுக்காகக் கூட்டிப்போகும் கடைகளில் வாங்கவே வாங்காதீர்கள். சாக்கில் குவித்து அளந்து தரும் தூள் வேண்டாம். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேக் செய்தவர் முகவரி, தேதி மூன்றும் இருக்க வேண்டும். சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று வாசனை தூக்கலாக இருந்தால், வாசனை சேர்த்தது என்று லேபிளில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான இணையம் இண்ட்கோசர்வ் இருக்கிறது, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ இருக்கிறது; அவர்களிடம் வாங்குங்கள். சக்கைக்குச் சாயம் பூசி மலிவாக விற்பவன் உங்களை மட்டுமா ஏமாற்றுகிறான்? பச்சை இலை பறித்துக் கொடுக்கும் விவசாயியின் விலையையும் சேர்த்துத்தான் அடிக்கிறான்.

சட்டப்படி தேயிலையில் செயற்கை நிறம் துளிகூடக் கூடாது. ஆனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவைப் பாருங்கள். நுகர்வோரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்; ஆனால் பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம். சொன்ன பிறகு எவர் கலப்படப் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார்? அதிகாரியே வந்து சாம்பிள் எடுத்தாலும் அறிக்கைக்கு 14 நாள். அதற்குள் சரக்கு விற்றுப்போகும். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். தாளில் கறை விழுந்தால், பிரிக்காத பாக்கெட்டுகளையும் பில்லையும் பத்திரப்படுத்தி, நீலகிரி மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

கறை விழவில்லையா? அப்படியானால் டீ போடும் முறையைப் பார்க்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மதுரையில் கிட்டத்தட்ட 100 டிகிரி. அதே தூள் இங்கே வேகமாக இறங்கிக் கறுக்கும், அடுப்பிலேயே விட்டால் மணமும் ஆவியோடு போய்விடும். 150 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், அதாவது தலை தட்டி ஒரு டீஸ்பூன் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு, அடுப்பை அணைத்து மூடி, மூன்று நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டிகாக்‌ஷன் மங்கி மேலே ஏடு கட்டும். ஒருமுறை குடிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.