கண்ணாடி இல்லாமல் படிக்கிறார் அப்பா: பார்வை திரும்பிவிட்டதா?

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படிப்பதற்கு மட்டும் கண்ணாடி அணிந்து வந்தார். தூரத்துப் பார்வையில் ஒரு குறையும் இருந்ததில்லை. சில மாதங்களாகக் கண்ணாடியைத் தொடாமலேயே நாளிதழின் பொடி எழுத்துகளைக்கூடப் படித்துவிடுகிறார். "கண் தானாகச் சரியாகிவிட்டது, இனி மருத்துவரிடம் போக வேண்டியதில்லை" என்கிறார். இப்படி நடக்குமா டாக்டர்?

பதில்: உங்கள் தந்தையின் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவரை இந்த மாதத்துக்குள் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த வயதில் கிட்டப் பார்வை தானாகத் தெளிந்தால், பெரும்பாலும் அதே அளவுக்குத் தூரப் பார்வை மங்கியிருக்கும். அது மெல்ல மெல்ல நடப்பதால் அவருக்கே தெரிந்திருக்காது. அறையின் மறுகோடியில் தொங்கும் நாட்காட்டியின் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். நல்ல கண் ஒன்று மற்றதன் குறையை மறைத்துவிடும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, பள்ளியில் படித்த குவிலென்ஸ் பாடமே போதும். கண்ணுக்குள் நுழையும் ஒளி இரண்டு இடங்களில் வளைகிறது. முன்புறம் பளிங்குபோல் இருக்கும் கார்னியா ஒன்று. கண்பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் விழிலென்ஸ் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 60 டயாப்டர் திறன் கொண்டவை. குவியத் தூரத்தை மீட்டரில் எழுதி, அதனால் 1ஐ வகுத்தால் கிடைப்பதுதான் டயாப்டர். அரை மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸுக்கு 2 டயாப்டர். இந்த 60இல் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுடையது. ஆனால் அதன் வடிவம் மாறுவதில்லை. கிட்டத்தில் பார்க்கும்போது உப்பி, தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும் வேலை விழிலென்ஸுடையது.

சிறு பிள்ளையின் லென்ஸ் பத்து டயாப்டருக்கு மேல்கூட உப்பிக் கொடுக்கும். நாற்பதைத் தாண்டியதும் அது விறைக்கத் தொடங்குகிறது. அறுபதில் ஒரு டயாப்டர் தேறினாலே அதிகம். 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்க 2.5 டயாப்டர் கூடுதல் திறன் வேண்டும். அந்தப் பற்றாக்குறையைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். உங்கள் தந்தையின் பழைய கண்ணாடியை எழுத்துகளுக்குச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும். அது குவிலென்ஸ், கண்ணால் தர முடியாத திறனை அதுதான் வெளியிலிருந்து தந்து வந்தது.

அப்படியானால் இப்போது அந்தத் திறன் எங்கிருந்து வந்தது? விறைத்த லென்ஸ் மறுபடி இளகுவதில்லை. மரத்தின் வளையங்களைப்போல, விழிலென்ஸில் வாழ்நாள் முழுதும் புதிய இழைகள் மேலே மேலே படிகின்றன. பழையவை நடுவில் நெருக்குண்டு இறுகுகின்றன. இறுகிய நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் உயர்கிறது. வடிவம் அதேதான், ஆனால் ஒளியை முன்னைவிட அதிகமாக வளைக்கிறது. அதனால் கிட்டத்திலிருந்து வரும் ஒளி சரியாக விழித்திரையில் விழுகிறது. தூரத்து ஒளி அதற்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், அவருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வைக் குறைபாடு, அதாவது கிட்டத்தில் தெளிவாகவும் தூரத்தில் மங்கலாகவும் தெரியும் குறை, வந்திருக்கிறது. கண்புரையின் ஒரு வகை இப்படித்தான் தொடங்கும்.

அளவுநாடா இருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். கண்ணாடியில்லாமல் படிக்கும்போது நாளிதழை மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எழுத்து கலையத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 40 சென்டிமீட்டர் என்றால் 1ஐ 0.40ஆல் வகுங்கள்: கண்ணின் திறன் சுமார் 2.5 டயாப்டர் கூடியிருக்கிறது. இது மருத்துவரின் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் "சரியாகிவிட்டது" என்று சொல்பவருக்குக் காட்ட நல்ல சான்று.

இந்தத் தெளிவு நிலைக்காது. லென்ஸின் நடுப்பகுதி மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும். நீல நிறம் மங்கும், இரவில் எதிர்வரும் வாகனத்தின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும், கடைசியில் கிட்டத்து எழுத்தும் கலங்கும். அவர் வண்டி ஓட்டுபவராக இருந்தால், பரிசோதனை முடியும்வரை ஓட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும்: இரத்தத்தில் சர்க்கரை. லென்ஸுக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. சுற்றியுள்ள திரவத்திலிருந்துதான் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை ஏறும்போது லென்ஸின் நீர்ச்சத்து மாறி, பார்வையின் பவரும் மாறும். புரையால் வருவது மாதக்கணக்கில் நகரும். சர்க்கரையால் வருவது சில நாட்களிலேயே தெரியும், ஏறி இறங்கவும் செய்யும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் செய்துவிடுங்கள். சர்க்கரை அதிகமிருந்தால், அது கட்டுக்குள் வந்து சில வாரங்கள் ஆகும்வரை புதுக் கண்ணாடி செய்யாதீர்கள். அதன் பவர் பொருந்தாமல் போய்விடும்.

கண் சிவந்து, வலியோடு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, கூடவே வாந்தி வந்தாலோ அது வேறு கதை. கண் நீர் அழுத்தம் திடீரென உயர்ந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புரைதான் என்று உறுதியானாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படாமல் இருக்கலாம். தூரத்துக்கு ஒரு குழிலென்ஸ் கண்ணாடியே சில காலம் போதும். புரையைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சொட்டு மருந்துகளில் பணத்தையும் காலத்தையும் இழக்க வேண்டாம். கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. அன்றாட வேலைகளுக்கு இடையூறாகும்போது, கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைப்பார்கள். லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949இல் முதன்முதலாக இதைச் செய்துகாட்டினார். அதற்கு முன்பெல்லாம் புரை எடுத்தவர்கள் தடித்த குவிலென்ஸ் கண்ணாடியோடு வாழ வேண்டியிருந்தது.

வைக்கப்போகும் லென்ஸின் பவரை, விழிக்கோளத்தின் நீளத்தையும் கார்னியாவின் வளைவையும் அளந்து கணக்கிடுவார்கள். அந்த அளவீட்டுக்கு முன்பே, உங்கள் தந்தை நாளில் எத்தனை மணி நேரம் படிக்கிறார், வண்டி ஓட்டுகிறாரா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தூரம் தெளிவாகும்படி லென்ஸ் வைத்தால் படிக்க மறுபடி கண்ணாடி வேண்டும். கிட்டம் தெளிவாகும்படி வைத்தால் தூரத்துக்கு வேண்டும். எது வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.